செர்ரி இறால் தொட்டியில் சிக்கலா? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் முறை

கடைகளில் செர்ரி இறால் என்று விற்கப்படும் நியோகரிடினா டேவிடி, தைவானையும் சீனாவின் சில பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட நன்னீர் இறால். மூன்று சென்டிமீட்டர் அளவுக்கே வளரும் இவ்வுயிர், முட்டையை விட்டு வெளிவரும்போதே தாயின் வடிவில் வெளிவருகிறது. பாசியையும் மக்கிய இலையையும் மேய்ந்தே வாழ்கிறது. அதனால் 20 முதல் 40 லிட்டர் கொள்ளும் சிறிய செடித் தொட்டியிலேயே அது தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், நீர்ச்செடிகளான கொஞ்சம் ஜாவா மாஸ், ஒன்றிரண்டு அனுபியாஸ், சாதாரண ஆற்று மணல் ஆகியவையே போதும். இவ்வளவு எளிய தொட்டியிலும் இறால்கள் ஒவ்வொன்றாக மடிவதைப் பார்த்து மனம் வெறுத்து விட்டுவிடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையையும் அதைப் போன்ற ஊர்களையும் பொறுத்தவரை, இறால் சாவுக்கான காரணத்தைப் பெரும்பாலும் வீட்டுக்கு வரும் தண்ணீரிலும் அறையின் காற்றிலுமே தேட வேண்டியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கடைக்குப் போய் மருந்து கேட்பதற்கு முன்பு, இறால் எந்த நேரத்தில் இறந்தது, எந்தக் கோலத்தில் இறந்தது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் வீட்டில் என்ன மாறியது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கையில் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும், வெப்பமானியும், அம்மோனியா, நைட்ரைட், ஜிஎச் (கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) ஆகியவற்றைச் சொட்டுகளால் அளக்கும் சோதனைக் கருவிகளும் இருக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டர் ஒன்றை மட்டும் நம்பி இறங்குவது ஏன் ஆபத்து என்பதைப் பின்னால் விளக்கமாகச் சொல்கிறேன்.

கிடப்பது இறந்த இறாலா, கழற்றிய ஓடா?

இதைத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே மற்றவற்றுக்குள் போக வேண்டும். கழற்றிய ஓடு கண்ணாடி போல ஒளி ஊடுருவும். உள்ளே வெறுமையாக இருக்கும். நீரோட்டத்தில் இலேசாக ஆடும். இறந்த இறாலின் உடல் சில மணி நேரத்தில் ஒளிபுகாத வெளிர் சிவப்பாகவோ பால் வெண்மையாகவோ மாறிவிடும். ஓட்டை எடுத்து எறிய வேண்டாம், மற்ற இறால்கள் அதைத் தின்னும். இறந்த உடலை மட்டும் உடனே அகற்ற வேண்டும், சிறிய தொட்டியில் அது அழுகினால் அம்மோனியா ஏறும்.

வாங்கி வந்து விட்ட முதல் பத்து நாட்களுக்குள் ஒன்றிரண்டாக இறக்கின்றன

தொட்டியின் வயதைக் கேட்க வேண்டிய இடம் இது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். தண்ணீர் தெளிந்துவிட்டது, செடி துளிர்த்துவிட்டது என்பதெல்லாம் இதற்கு அடையாளமாகா. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் சுழியம் காட்ட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் தொடர்ந்து அப்படியே காட்ட வேண்டும். செடி செழிப்பதற்காக விற்கப்படும் ஊட்டமேற்றிய கறுப்பு மண்ணைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் கூடுதலாகக் காத்திருப்பது நல்லது, ஏனெனில் அந்த மண் முதல் சில வாரங்களில் தானே அம்மோனியாவை வெளிவிடும். அது பிஎச்சையும் கேஎச்சையும் இறக்கவும் செய்யும். மென்மையான அமில நீர் தேவைப்படும் கிரிஸ்டல் ரெட் போன்ற கரிடினா வகைகளுக்கு அது பொருத்தமானது. செர்ரி இறாலுக்கு அதற்குச் செலவிடும் பணம் வீண் என்றே சொல்வேன்.

நம் ஊரில் அம்மோனியா மற்ற இடங்களைவிடக் கடுமையாகத் தாக்குவதற்கு ஒரு வேதியியல் காரணமும் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்; அவற்றில் ஒன்றே பெரும் நஞ்சு. பிஎச் 7 ஆகவும் வெப்பம் 25 டிகிரியாகவும் உள்ள தண்ணீரில் அந்த நச்சு வடிவம் மொத்தத்தில் அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும். பிஎச் 8, வெப்பம் 30 டிகிரி என்றாலோ அது ஏழு விழுக்காட்டைக் கடக்கும். குளிர்நாட்டில் இருப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அளவு நம் போர் தண்ணீரில், நம் கோடையில் பல மடங்கு கொடியது. அம்மோனியா தெரிந்தால், அதே வெப்பமும் அதே டிடிஎஸ்ஸும் கொண்ட, குளோரின் நீங்கிய தண்ணீரால் நாள்தோறும் கால் பங்கு மாற்றுங்கள். உணவை அடியோடு நிறுத்துங்கள்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருந்தும் இறந்தால், விட்ட முறையில் கோளாறு இருக்கலாம். கடைக்காரரின் தண்ணீர் டிடிஎஸ் 700 ஆகவும் உங்கள் தொட்டி 200 ஆகவும் இருக்கும்போது பையை அரை மணி நேரம் மிதக்கவிடுவதால் வெப்பம் மட்டுமே சமமாகும். மெல்லிய ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பாத்திரத்தில் இறக்கி, இரண்டு மணி நேரமாவது பழக்கியே விட வேண்டும்.

ஓடு உரிக்கும்போது இறக்கின்றன. கழுத்துக்குப் பின்னால் வெள்ளை வளையம் தெரிகிறது

இறந்த பெண் இறால் ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து, வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். தலைமார்பு ஓடு முடிந்து வயிற்றுக் கண்டங்கள் தொடங்கும் இடத்தில் பழைய ஓடு சுற்றிலும் பிளந்து, இடையில் வெள்ளைச் சதை ஒரு வளையமாகத் தெரியும். இயல்பாக உரிக்கும்போது அந்த இடத்தின் முதுகுப்புறத்தில் மட்டும் ஓடு திறந்து, இறால் ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். ஓடு முழு வட்டமாக வெடித்துவிட்டால் அதற்கு உந்திக்கொள்ளப் பிடிமானம் இல்லாமல் போய், பாதி உரித்த நிலையிலேயே களைத்துச் சாகும். உரித்த பின் உடல் மெத்தென்று இருந்து இறப்பதும் இதே வகையைச் சேர்ந்ததே.

இதற்கு முதன்மைக் காரணம் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் தகுந்த அளவில் இல்லாதது. இறால் புதிய ஓட்டை இறுக்கத் தேவையான கால்சியத்தின் பெரும்பகுதியைத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்வதால், உணவில் சத்து சேர்த்து இதைச் சரிக்கட்ட முடியாது. ஜிஎச் 6 முதல் 10 டிகிரி வரை இருப்பது செர்ரி இறாலுக்கு ஏற்றது. கருவி பிபிஎம் கணக்கில் காட்டினால் 17.8 பிபிஎம் ஒரு டிகிரிக்குச் சமம் என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் டிடிஎஸ் மீட்டர் ஆளை ஏமாற்றும். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் போர் தண்ணீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் பொருத்தியிருப்பார்கள். வாரந்தோறும் அதில் உப்பு மூட்டையைக் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவி தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. எனவே குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் 800 என்று காட்டும். வீட்டுக்காரரும் உப்பு நிறைய இருக்கிறது, கால்சியத்துக்கு என்ன குறை என்று நினைப்பார். ஜிஎச் சோதனையில் ஒரே சொட்டில் நிறம் மாறிவிடும். அதாவது இறாலுக்கு வேண்டிய இரண்டும் அதில் இல்லை, வேண்டாத சோடியமே நிறைந்திருக்கிறது. இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய திருத்தம் எதுவும் கிடையாது. சாஃப்ட்னருக்கு முன்பே தண்ணீர் பிடிக்க வழியிருக்கிறதா என்று குடியிருப்பின் பிளம்பரைக் கேளுங்கள், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் இதே நோயைத்தான் வரவழைக்கும், ஏனெனில் அதில் தாதுக்கள் ஏறக்குறைய இருப்பதே இல்லை. இறாலுக்கென்று விற்கப்படும் ஜிஎச் தாது உப்பைக் கலந்து டிடிஎஸ் 180 முதல் 250 வரை கொண்டுவந்து பயன்படுத்தலாம். செலவு குறைய வேண்டுமானால், சாஃப்ட்னர் வழியாக வராத போர் தண்ணீரின் ஜிஎச்சை அளந்து, அது 20 டிகிரி என்றால் ஒரு பங்கு போர் தண்ணீருக்கு ஒன்றரைப் பங்கு ஆர்.ஓ. சேர்த்து 8 டிகிரிக்கு இறக்கிக்கொள்ளலாம். கணவாய் ஓட்டையும் முட்டை ஓட்டையும் தொட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிஎச் 7.5க்கு மேல் உள்ள தண்ணீரில் அவை மிக மெதுவாகவே கரையும். மக்னீசியத்தை ஈடுசெய்யும் அளவுக்கு அவற்றில் அது இல்லை.

ஜிஎச் சரியாக இருந்தும் வெள்ளை வளையம் தெரிந்தால், தண்ணீர் மாற்றும் பழக்கத்தைப் பாருங்கள். பாதித் தண்ணீரை ஒரே நாளில் மாற்றினால், உடல் தயாராகும் முன்பே இறால் ஓடு உரிக்கத் தூண்டப்படும். வாரம் 10 முதல் 15 விழுக்காடு மட்டும் மாற்றுங்கள். அதையும் சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை மட்டும் ஆர்.ஓ. கொண்டு நிரப்ப வேண்டும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் உப்புகள் தங்கித் தங்கி, மூன்று மாதத்தில் டிடிஎஸ் இரு மடங்காகியிருக்கும்.

ஒரே இரவில் பல இறந்துவிட்டன. மற்றவை தறிகெட்டு நீந்திப் பக்கவாட்டில் சாய்ந்து துடிக்கின்றன

இது நஞ்சின் அறிகுறி. இங்கு மட்டும் நிதானத்துக்கு இடமில்லை. நன்றாகத் தெரிந்த, குளோரின் நீங்கிய, அளவு சரியான தண்ணீர் தனி வாளியில் இருந்தால் உயிரோடு உள்ளவற்றை உடனே அதற்கு மாற்றி, காற்று விடுங்கள். அந்த வாளியை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். அதன் பிறகு நத்தைகளைப் பாருங்கள்.

நத்தைகளைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செம்பு, நத்தையையும் இறாலையும் சேர்த்தே கொல்லும். கொசுவிரட்டியிலும் கரப்பான் மருந்திலும் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சுகள் பூச்சியினத்தையும் அதற்கு உறவான இறாலையும் மிகச் சிறிய அளவிலேயே கொல்லும், நத்தையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆகவே இறால் செத்து, நத்தை கண்ணாடியில் வழக்கம்போல் ஊர்ந்துகொண்டிருந்தால் பூச்சிக்கொல்லியைத் தேடுங்கள்; நத்தையும் ஓட்டுக்குள் சுருங்கிக் கீழே விழுந்து கிடந்தால் செம்பைத் தேடுங்கள். இது சோதனைக்கூட முடிவுக்கு ஈடாகாது என்றாலும், தேட வேண்டிய திசையை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

பூச்சிக்கொல்லி என்றால் முதலில் அந்த அறையில் இரவு முழுதும் எரியும் கொசுவிரட்டித் திரவத்தையும் சுருளையும் சந்தேகியுங்கள். அறைக்குள் வைத்த ஏர் பம்ப் அந்தக் காற்றையே இழுத்து, நுண்ணிய குமிழிகளாக்கித் தண்ணீருக்குள் இடைவிடாமல் செலுத்துகிறது. மூடி போட்டிருக்கிறேனே என்ற சமாதானம் இங்கே செல்லாது. தொட்டி இருக்கும் அறையில் இவற்றை அறவே நிறுத்தி, சன்னலுக்கு வலை அடித்துக்கொள்ளுங்கள். இயலாதென்றால் பம்பை வேறு அறையில் வைத்து நீளமான டியூபால் காற்றைக் கொண்டுவாருங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்க வண்டி வரும் மாலைகளில் சன்னலை மூடி, பம்பை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். எறும்புச் சாக்பீஸால் தொட்டி மேசையின் கால்களைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு அதே கையைத் தண்ணீருக்குள் விடும் வழக்கமும் உயிரைக் குடிக்கக்கூடியது.

டெங்கு பரவும் பருவத்தில் உள்ளாட்சிப் பணியாளர்கள் கீழ்நிலைத் தொட்டியிலும் மேல்நிலைத் தொட்டியிலும் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். டெமிஃபாஸ் என்னும் அம்மருந்து கொசுப்புழுவைக் கொல்வதற்கானது. மனிதருக்குத் தீங்கில்லாத அளவில் ஊற்றப்பட்டாலும் இறாலுக்கு அது தீங்கானதே. ஆட்கள் வந்து போனார்களா என்று காவலாளியிடம் கேட்டுவிட்டு, வந்திருந்தால் சில வாரங்களுக்கு அந்தத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்காதீர்கள். மழைக்காலத்தில் வாளித் தண்ணீரை எப்போதும் முன்கூட்டியே பிடித்து மூடி வைத்துக்கொள்வது இதனாலேயே நல்லது.

புதிதாக வாங்கிய செடி மற்றொரு வழி. நாற்றங்காலில் நீருக்கு வெளியே வளர்த்த செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். திசு வளர்ப்புக் குப்பியில் வரும் செடிக்கு இந்த அச்சம் இல்லை. மற்றவற்றைத் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிய பிறகே தொட்டியில் நட வேண்டும். உணவாகப் போடும் கீரைக்கும் வெள்ளரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டு மரத்து முருங்கை இலையைக் காயவைத்துப் போடுவது எனக்குப் பிடித்த வழி.

செம்பு என்றால், நம் வீடுகளில் அது வரும் வழி வேறு நாட்டுக் குறிப்புகளில் இருக்காது. உடலுக்கு நல்லது என்று சொல்லிக் குடிநீரில் செம்பைச் சேர்த்துத் தரும் ஆர்.ஓ. கருவிகள் இப்போது பரவலாக விற்கின்றன. உங்கள் கருவியின் மேல் காப்பர் என்ற சொல் இருந்தால் அந்தத் தண்ணீர் இறாலுக்கு ஆகாது. செப்புக் குடத்தில் ஊறிய தண்ணீரும் அப்படியே. மீன் நோய்க்குக் கடையில் தரும் நீல நிற, பச்சை நிற மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. மீனுக்கு மருந்திட்ட தொட்டியின் ஸ்பாஞ்சையோ மணலையோ இறாலுக்கு எடுத்துவராதீர்கள். செடி உரத்தில் நுண்ணூட்டமாக உள்ள செம்பு, குறிப்பிட்ட அளவில் இட்டால் கொல்வதில்லை.

குளோரினும் உண்டு. மெட்ரோ தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ மருந்து வாடை அடித்தால் சோடியம் தயோசல்பேட் கரைசல் சேர்த்தோ, அகன்ற வாளியில் காற்று விட்டு ஒரு நாள் வைத்தோ பயன்படுத்துங்கள். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் சாவு தொடங்கினால் இதுவே முதல் சந்தேகம்.

எல்லாம் மேற்பரப்புக்கு வந்து ஒட்டிக்கொள்கின்றன, அல்லது அசையாமல் கிடக்கின்றன

வெப்பமானியைப் பாருங்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை உயிர்வளியைத் தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 மட்டுமே தாங்கும். அதே வேளையில் இறாலின் தேவையும் நுண்ணுயிர்களின் தேவையும் கூடியிருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் மாடி வீட்டுத் தொட்டி இந்த நிலையை எட்டுவது வழக்கம். பனிக்கட்டிப் பாட்டிலை மிதக்கவிடுவதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் வெப்பம் விரைவில் இறங்கி மறுபடி ஏறுவது 30 டிகிரியில் நிலையாக இருப்பதைவிடக் கெடுதல். மூடியை எடுத்துவிட்டு, சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து ஓடவிட்டால் இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குறையும். கடலோரப் புழுக்கத்தில் சற்றுக் குறைவாகவே பலன் தரும். தொட்டியைத் தரைத்தளத்து வடக்கறைக்கு மாற்ற முடிந்தால் அதுவே சிறந்த மருந்து.

விடியற்காலையில் மட்டும் மேலே கூடுகின்றன என்றால், இரவில் செடிகளும் உயிர்வளியை எடுத்துக்கொள்வதே காரணம். கார்பன் டை ஆக்சைடு செலுத்துவோர் விளக்கணைக்கும் முன்பே அதை நிறுத்த வேண்டும். மின்வெட்டு நீளும் ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம்.

சில இறால்கள் மட்டும் திடீரெனத் தொட்டி முழுதும் பறப்பதுபோல் நீந்தி, மற்றவை வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தால் கவலை வேண்டாம். ஓடு உரித்த பெண்ணைத் தேடும் ஆண்கள் அவை.

முட்டை சுமக்கின்றன, குஞ்சு தென்படவில்லை

பெண்ணின் வயிற்றின் கீழ் இருபது முதல் முப்பது முட்டைகள் வரை இருக்கும். மூன்று முதல் நான்கு வாரத்தில் பொரியும். முதல் முறை சுமக்கும் இளம் பெண் முட்டைகளை உதிர்த்துவிடுவது இயல்பு. மற்றவையும் உதிர்த்தால் வெப்பத்தையும் தண்ணீர் மாற்றும் அளவையும் பாருங்கள். 32 டிகிரி அளவில் இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். பொரிந்தும் காணவில்லை என்றால், இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சுகள் ஃபில்டரின் வாய்க்குள் போயிருக்கலாம், கூட வளர்க்கும் கப்பி மீனின் வாய்க்குள்ளும் போயிருக்கலாம். இரண்டும் இல்லையெனில் பசி. குஞ்சுகள் இலைகளிலும் மாஸிலும் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய்ந்தே வளர்கின்றன. எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி வைத்த பளிச்சென்ற தொட்டியில் அவற்றுக்கு உணவில்லை. காய்ந்து பழுப்பேறிய நாட்டு வாதாம் இலை ஒன்றைக் கழுவிப் போட்டு, பின்பக்கக் கண்ணாடியில் பாசியை அப்படியே விடுங்கள்.

வேறு பிராணிகள் தென்படுகின்றன

கண்ணாடியில் துள்ளும் வெள்ளைப் புள்ளிகளும், மணலில் நெளியும் மெல்லிய வெண்புழுக்களும் தீங்கற்றவை. உணவு மிகுதி என்பதற்கான குறிப்பு மட்டுமே. முக்கோணத் தலையுடன் வழுக்கிச் செல்லும் பிளனேரியாவும், கையை விரித்து நிற்கும் ஹைட்ராவும் குஞ்சுகளைத் தின்னும். ஃபென்பென்டசோல் என்னும் குடற்புழு மருந்து இரண்டையும் ஒழிக்கும், இறாலைக் கொல்லாது; ஆனால் நெரைட் போன்ற நத்தைகளுக்கு அது நஞ்சு, எனவே நத்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். பாக்கிலிருந்து எடுத்த சாற்றால் செய்யப்படும் பிளனேரியா மருந்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. செடியோடு வரும் ஊசித்தட்டானின் இளம்புழு இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. குச்சி போன்ற உடலும் வாலில் மூன்று இதழும் கொண்ட அது பெரிய இறாலையும் பிடித்துத் தின்னும். இரவில் டார்ச் அடித்துத் தேடி, இடுக்கியால் எடுப்பதைத் தவிர வழியில்லை.

இறாலின் மூக்கு நுனியில் வெள்ளை மயிர்கள்போல் ஆடினால் அது ஸ்கூட்டரியெல்லா என்னும் ஒட்டுயிர். பஞ்சுபோல் படிந்திருந்தால் வோர்டிசெல்லா. அயோடின் சேராத உப்பு ஒரு மேசைக்கரண்டியை ஒரு கோப்பைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, இறாலை வலையோடு அதில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை முக்கி எடுங்கள். உப்பைத் தொட்டிக்குள் கொட்டக் கூடாது. வயிற்றின் கீழ் முட்டைபோல் தோன்றும் பச்சை மஞ்சள் நார்க்கொத்து வேறு நோய். அதைக் கண்டால் அந்த இறாலை அன்றே பிரித்துவிடுங்கள்.

நிறம் வெளுக்கிறது

பயணம் செய்து வந்த சில நாட்களுக்கும், வெள்ளை மணலின் மேலும் இறால் வெளுத்துக் காட்டும். கருமணலில் நிறம் திரும்பும். தலைமுறைக்குத் தலைமுறை பழுப்பு கூடினால், சிவப்பு, நீலம், மஞ்சள் வகைகளை ஒரே தொட்டியில் வைத்திருப்பீர்கள். அவையெல்லாம் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகள். ஒன்றோடொன்று கூடி மூதாதையின் பழுப்புக்கே திரும்பும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் வைத்து, வெளுத்த ஆண்களை அவ்வப்போது வேறு தொட்டிக்கு மாற்றி வந்தால் மூன்று நான்கு தலைமுறையில் சிவப்பு ஏறிவிடும்.